ஆந்தையண்ணனின் மூன்று தலைமுறைக் கண்

கேமரன் மலையில் சூரியனைச் சொந்தப் பகையாளியாக நினைத்தவர் ஆந்தையண்ணன் ஒருவர்தான். ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு டீ ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். கொழுந்து வாட்டுகிற வேலை. அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அதே வேலை, அதே இரவு.

நான் அப்போது பகலில் லோரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். தங்க இடமில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவருடைய அறையில் ஒரு கட்டில் போட்டாலே கதவு பாதிதான் திறக்கும். அவர் வேலைக்குப் போனதும் நான் படுப்பேன். நான் எழுந்து போனதும் அவர். பஸ் நிலையத்தில் படுத்துப் பழகியவனுக்கு, அவர் விட்டுப்போன சூடே கம்பளி.

திடீரென்று மானேஜர் துரை அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார். பரப்பிவைத்த இலை செம்பு நிறத்துக்கு வரும் பதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். கட்டில் போயிற்று என்று நான் மூட்டையைக் கட்டினேன்.

"மூட்டைய அவுருடா. நான் பேசிக்கிறேன்."

அண்ணன் கைப்பேசியில் ஆந்தைகளைப் பற்றி ஏதோ பார்த்திருந்தார். இருட்டிலேயே திரிந்த பறவைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக மரபணு மாறி, மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் உயிரணுக்கள் கண்ணில் பெருகினவாம். நிறம் பிரிக்கும் மரபணுக்களில் சில உதிர்ந்தே போயினவாம். அதை அவர் தம் குடும்ப வரலாறாக எடுத்துக்கொண்டார். என்னையும் சாட்சிக்கு ஆபீசுக்கு இழுத்துப் போனார்.

துரை மேசையில் ஒரு தக்காளியையும் ஒரு பச்சைக் குடைமிளகாயையும் வைத்தார்.

"என்ன கலரு?"

"ரெண்டும் சாம்பல், தொரை."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானேய்யா இருந்த?"

"நேத்து யாரும் கேக்கல, தொரை. மூணு தலைமுறை நைட்டு. மரபணு மாறிப்போச்சு."

"ஆந்தைக்கு மாற கோடி வருஷம் ஆச்சுய்யா!"

"நாங்க ஓவர்டைமும் பாத்திருக்கோம்லா."

அதோடு விட்டாரா? ஆந்தைக்குக் கண் உருளாது, கழுத்துதான் திரும்பும் என்று செய்தும் காட்டினார். 'மளுக்' என்று சத்தம். துரை சிரிப்பை அடக்க முடியாமல் கையை வீசி எங்களை விரட்டினார். இரவு ஷிப்ட் பிழைத்தது, கட்டிலும் பிழைத்தது. அண்ணனுடைய கழுத்து மட்டும் ஒரு வாரம் தைல வாசனையோடு ஒரே பக்கம் பார்த்தது.

பிறகு எனக்குத் திரிங்காப்பில் பூத்தோட்ட வேலை, தங்க அறையோடு கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். பட்டப்பகலில், ஃபேக்டரியில், இலைமேல் குனிந்து கத்திக்கொண்டிருந்தார்: "இன்னும் பச்ச அடிக்குதுடா! செவக்கட்டும்!"

"என்னண்ணே, கலரு திரும்பி வந்துருச்சா?"

"ஆந்தைக்குத்தான்டா கோடி வருஷம். எனக்குக் கட்டில் காலியானா போதும்." இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பஸ்ஸ விட்டுட்டா வந்துரு. கதவக் கழட்டிட்டு இன்னொரு பாய் போட்டுக்கலாம்லா."

கேமரன் குளிரில், கதவில்லாத அறை. அன்று கடைசி பஸ்ஸை வேண்டுமென்றே விட்டேன்.