சம்பந்தி வருமுன் வீட்டிலிருந்து துப்பாக்கிகளை அனுப்பிவைத்த விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி எலியட் ஃபெர்னால்டு அவர்களுக்கு,

மொன்டானாவிலிருந்து ஹார்லன் டிவெய்ட் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி லோர்னாவும் சுகம். பாஸ்டனில் தாங்களும், தங்கள் துணைவியார் கான்ஸ்டன்ஸ் அம்மையாரும், தங்கள் ரத்த அழுத்தமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கடைசியில் சொன்னது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது நலமாக இருக்க வேண்டும்.

எங்கள் மாநிலத்துத் துப்பாக்கிச் சட்டம் பற்றித் தாங்கள் கேட்டிருந்த கேள்விகள் வந்து சேர்ந்தன. வீட்டில் துப்பாக்கி இருந்தால் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று அடியில் எழுதியிருந்ததும் சேர்ந்தே வந்தது. என் மகள் பிரிட்டா அதைப் படித்தாள். "ஜூலியனோட அப்பா வராம இந்தக் கல்யாணம் நடக்காதுப்பா. என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானோ காலமெல்லாம் கோதுமை போட்டவன். துப்பாக்கி எங்களுக்குக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கும் குடை மாதிரி. குடைக்கு என்ன சட்டம் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நல்ல வேளையாக, இதே சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து மார்லிஸ் குவிஸ்ட் என்ற பெண் அதிகாரி ஊர் நூலகத்துக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, தங்கள் கேள்விகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். துப்பாக்கி வாங்க மாநிலத்திடம் உரிமம் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். கடைக்காரர்தான் வாங்குகிறவரின் பூர்வோத்தரத்தை விசாரிப்பாராம். வாங்கியதைப் பதிவு செய்ய வேண்டுமா, வேண்டாம். வண்டியில் வைத்துக்கொள்ளலாமா, தாராளமாக. சம்பந்தி, ஒளிக்காமல் சொல்கிறேன், 'ஆம்' வர வேண்டிய இடத்தில் 'இல்லை'யும், 'இல்லை' வர வேண்டிய இடத்தில் 'ஆம்' என்பதுமாக வந்துகொண்டே இருந்தது. எப்படியாவது ஒரு 'கூடாது' வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டோமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்துப் பண்ணைக்காரன் கஸ் பாவ்லிக் எழுந்து, தன் கொல்லைக்கு மேலே பறக்கிற ட்ரோனைச் சுடலாமா என்று கேட்டான். கூடவே கூடாது, அது விமானத்தைச் சுடுவதற்குச் சமம் என்றார் மார்லிஸ். எனக்கு உயிர் வந்தது. உடனே எழுதிக்கொண்டேன்.

"நான் குளிக்கிறதை எட்டிப் பாத்தாலுமா?" என்றான் கஸ்.

ட்ரோனின் சொந்தக்காரி ஓர்ஃபா பின்வரிசையிலேயே இருந்தாள். "ஓடிப்போன கன்னுக்குட்டியைத் தேடத்தான் அதைப் பறக்க விட்டேன். நடுவுல உன் முதுகு தெரிஞ்சதுக்கு நான்தான் கேஸ் போடணும்" என்றாள். அதற்குப் பிறகு கூட்டம் சட்டத்தின் பக்கமே திரும்பவில்லை.

சட்டம் கைவிட்டதால் நானே ஒரு வழி செய்தேன். துப்பாக்கி வைத்திருக்கத் தடை ஏதும் இல்லாத உள்ளூர்க்காரரிடம் கொடுத்து வைக்கலாமா என்று மார்லிஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, என் ஐந்து துப்பாக்கிகளையும் கஸ் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். கல்யாணம் முடிகிறவரை சம்பந்தி கண்ணில் ஒரு துப்பாக்கிகூடப் படக்கூடாது என்று அவனிடம் சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். அது கஸ் வாயிலிருந்து காப்பிக் கடைக்குப் போய், அங்கிருந்து தேவாலயத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது, கல்யாணத்துக்கு வருகிற எல்லாரும் துப்பாக்கியை முன்கூட்டியே ஹார்லனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆகியிருந்தது. நாங்கள் ஊரையே அழைத்திருந்தோம். மறுநாள் காலை என் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை வண்டிகள் நின்றன. ஒவ்வொருவரும் துப்பாக்கியில் பெயர்ச்சீட்டைக் கட்டி, மரியாதைக்கு வீட்டில் சுட்ட ஆப்பிள் பை பலகாரமும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்ல" என்று என் தோளைத் தட்டினார்கள். கடைசியாக கஸ் வந்தான், தன்னுடையதோடு என் ஐந்தையும் தூக்கிக்கொண்டு.

"ஏன்டா, உன்கிட்டதானேடா குடுத்தேன்?"

"நானும் கல்யாணத்துக்கு வர்றேன்ல?" என்றான்.

அத்தனையும் இப்போது எங்கள் களஞ்சியத்தில் பூட்டிக் கிடக்கின்றன. மணமக்கள் நடனமாட ஏற்பாடு செய்திருந்ததும் அதே களஞ்சியம்தான். ஆகவே நடனத்தை வெளியே புல்தரைக்கு மாற்றியிருக்கிறோம். மார்லிஸ் வந்து பார்த்துவிட்டு, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை என்றார். சத்தம் கேட்டு பிரிட்டாவும் இறங்கி வந்தாள். சுவரோரம் வரிசையாக நின்றவற்றைப் பார்த்தாள், பெஞ்சில் அடுக்கியிருந்த ஆப்பிள் பைகளைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காத பிள்ளை, என் தோளைப் பிடித்துக்கொண்டு விக்கல் வரும்வரை சிரித்தாள்.

"வீட்டுக்குள்ள ஒண்ணுகூட இல்லைன்னு மட்டும் எழுதிடுங்கப்பா. அது நிஜம்தானே?" என்றாள்.

"மிச்சத்தையும் எழுதிடறேன்மா. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சு அவரை வரவழைச்சா, அப்புறம் அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றேன்.

எழுதிவிட்டேன். சம்பந்தி, தயவுசெய்து வாருங்கள். எங்கள் ஊரில் எல்லார் கையும் காலியாக இருக்கப்போகிற ஒரே நாள் அது, அதுவும் தங்களால்தான். இதைவிடப் பத்திரமான ஒரு நாளை என்னால் ஏற்பாடு செய்ய முடியாது. ஆப்பிள் பைகளைத் தின்று தீர்க்கவாவது ஆள் வேண்டும்.

பிள்ளைகள் இருவரும் சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நெடுங்காலம் நன்றாக வாழத் தாங்களும் நானும் சேர்ந்து நின்று ஆசி சொல்லும் நாளை எதிர்பார்க்கும்,

ஹார்லன் டிவெய்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தங்கள் துணைவியார் தொலைபேசியில் அழைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பிறகு மெதுவான குரலில், "எல்லாத்தையுமா பூட்டிட்டீங்க சம்பந்தி? எனக்கு மட்டும் ஒண்ணை வெளிய எடுத்து வையுங்களேன்" என்றார். கல்லூரி நாட்களில், காற்றில் வீசும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் அவர்தான் முதலாவதாம். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் தங்களிடம் சொல்லத் தோதான சமயமே வாய்க்கவில்லையாம், நானே பக்குவமாக எழுதிவிட வேண்டுமாம். அன்றைக்கு வாங்கிய பரிசைக்கூட அவர் மறைத்து வைக்கவில்லை. தாங்கள் தினமும் காலையில் பல் துலக்கிவிட்டுப் பிரஷ்ஷை வைக்கிற வெள்ளிக் கோப்பை அதுதானாம்.