தலைப்பாகைக் கடைக்கு வந்த முப்பத்தொரு விசாரணைகள்

மயூர் விஹார், தில்லி
12 பிப்ரவரி 2005

அன்புள்ள லீலாவதிக்கு,

நல்லசிவம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தண்ணீர் மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஷில்லாங் குளிரில் நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மாதக் கடைசிக்குள் ஆபீசில் படிவம் நிரப்பித் தரவேண்டும், தில்லிக்கு மாற்றல் கேட்கவா, இல்லை ஷில்லாங்கிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கச் சம்மதம் என்று எழுதவா என்று கேட்டிருந்தாய். பதிலை ஈமெயிலில் அனுப்பக்கூடாது, கையால்தான் எழுதவேண்டும் என்று கட்டளை வேறு. "ஈமெயில்ல நீங்க எல்லாருக்கும் ஒண்ணுபோல எழுதுதீக. டியர்னு ஆரம்பிச்சு ரிகார்ட்ஸ்னு முடிக்கீக. பல் டாக்டருக்குப் போறதும் எனக்கு வாரதும் ஒரே கடுதாசி" என்று நீ எழுதியதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. பிறகு பழைய ஈமெயில்களை எடுத்துப் பார்த்தேன், நீ சொன்னது சரிதான். அதனால் பேனாவுக்கு மை தேடி, மை காய்ந்துபோய், கீழ்வீட்டில் பேனா இரவல் வாங்கி இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் முடிவை முதலில் எழுதிவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடுவதுதான் எனக்குப் பழக்கம். முடிவு இதுதான்: நீ அங்கேயே இரு. பதவி உயர்வோடு போனவள், முழு மூன்று வருடத்தையும் முடித்துவிட்டு வருவதுதான் மரியாதை. எனக்காக ஓடி வரவேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

குறை இல்லை என்பதற்கு ஆதாரம் தருகிறேன். நான் வேலையை விட்டுவிட்டு வெப்சைட் கட்டப் போகிறேன் என்று சொன்னபோது உன் அண்ணன், "மச்சான், கவர்மெண்ட் உத்தியோகத்த விட்டுட்டு சிலந்தி வேலை பாக்கப் போறீகளாக்கும்" என்று சிரித்தார் அல்லவா? அவரிடம் சொல், இன்றைக்குப் பதினாலு கம்பெனிக்கு நான்தான் வெப்சைட். பல் டாக்டர் ஒருவர், கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் ஒன்று, மிச்சமெல்லாம் கரோல் பாக் கடைக்காரர்கள். நம் படுக்கையறையில் உன் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் ஆபீஸ். காலையில் குளித்து, பேண்ட் சட்டை போட்டு, ஒன்பதரைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். ஒன்றரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. கோப்பு எண் போடாமல் ஒரு படத்தைக்கூடப் பக்கத்தில் ஏற்றுவதில்லை. ஒருநாள் பத்து மணிக்குத்தான் எழுந்தேன், அன்றைக்கு எனக்கு நானே அரைநாள் லீவு எழுதிக்கொண்டேன்.

இந்த வெற்றிக்குக் காரணம் யார் என்று நீ கேட்பாய். இதை உன்னிடம் ஒன்றரை வருடமாக மறைத்துவிட்டேன், இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். காரணம் நீதான். அதாவது, என் கம்பெனியின் மானேஜர் நீ. விஷயம் என்னவென்றால், கடைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, முதல் பக்கத்தில் கொடி பறக்கவேண்டும், விளக்கு மினுக்கவேண்டும், மயில் ஒன்று இடமிருந்து வலம் நடக்கவேண்டும், கூடவே ஷெனாய் வாசிக்கவேண்டும் என்று கேட்பார்கள். எனக்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது, உனக்கே தெரியும். ஆபீசில் என்ன செய்வோம்? மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்போம். அதே பழக்கத்தில் ஒருநாள் வாய் தவறி, "மேடத்துக்கு அனுப்பறேன், அவங்க பார்த்துச் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு மேடம் ஒருத்தி வேண்டுமே? மறுநாள் 'லீலா, மானேஜர்' என்று கையெழுத்துப் போட்டு ஓர் ஈமெயில் போயிற்று: மயிலுக்கு அனுமதி இல்லை. அந்த மனிதர் சண்டை போடுவார் என்று பார்த்தால், நம் மேல் மரியாதை கூடிவிட்டது. மேலே ஒருவர் உட்கார்ந்து முடியாது என்று சொல்லும் இடத்தைத்தான் தில்லிக்காரர்கள் நம்புகிறார்கள். பயப்படாதே, அரசு ஊழியர் வியாபாரத்தில் ஈடுபடக்கூடாது என்ற நடத்தை விதி எனக்கு மனப்பாடம். அதனால்தான் முழுப்பெயர் போடவில்லை. உலகத்தில் லீலா என்று எத்தனையோ பேர்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நீ என்ன சொல்வாய் என்று யோசித்துத்தான் ஒவ்வொரு கடிதத்தையும் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, லீலா இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று கண்ணை மூடினால், "இதென்னது, கோயில் கொடை பந்தல் கணக்கா மினுக்மினுக்னு! அணைங்க அத" என்று நீ சொல்வது காதில் கேட்கிறது. உடனே அதை நல்ல இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிடுகிறேன். இதுவரை இருநூறுக்கு மேல் எழுதியிருப்பேன். பொழுது போகாதபோது அவற்றையே எடுத்துப் படிக்கிறேன். பல் டாக்டருக்கு நீ எவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாய் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் "சாப்ட்டீகளா" என்று கேட்டு வைத்துவிடுகிறாய். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெப்சைட்டில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு பக்கம் உண்டு. வாடிக்கையாளர் அதில் பெயரையும் வேண்டியதையும் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் கடைக்காரருக்கு ஈமெயிலாகப் போய்ச் சேரும். அது சரியாகப் போகிறதா என்று கட்டுகிறவன் ஏதாவது எழுதிச் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். எல்லாரும் 'டெஸ்ட், டெஸ்ட்' என்று எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போன ஜூலையில் நம் மகள் கவிப்ரியாவையும் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் பேச ஆள் இல்லாமல் போனபிறகு, எப்போது என்று தெரியவில்லை, அந்தக் கட்டத்தில் உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். தமிழைத்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். லீலா, மாவு புளிச்சுப்போச்சு. லீலா, வெந்நீர் கெய்சர்ல தண்ணி ஒழுகுது. லீலா, இன்னைக்கு மூடுபனி, எதிர் பிளாக்கே தெரியல, நீ இருந்தா ரெண்டு பேரும் பால்கனியில நின்னு பார்த்திருப்போம். கடைசியில் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: நீ எப்ப வருவ? இதெல்லாம் என் பெட்டிக்குத்தான் வரும், நான்தான் படிப்பேன், நான்தான் அழிப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்?

கரோல் பாக்கில் சுனேஜா என்று ஒருவர், மாப்பிள்ளைகளுக்குக் கல்யாணத் தலைப்பாகை விற்கும் கடை. கல்யாண சீசன் வந்துவிட்டது, ஜல்தி ஜல்தி என்று கழுத்தைப் பிடித்தார். அவசரத்தில் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிட்டேன், அதாவது ஈமெயில் முகவரியை அவருடையதாக மாற்றிவிட்டேன். மாற்றியதை மறந்துபோனேன். மூன்று வாரம் சோதனை செய்தேன். என் பெட்டிக்கு ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்று மேலும் சோதித்தேன். மொத்தம் முப்பத்தொன்று.

சுனேஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெப்சைட் திறந்து மூன்றே வாரம், முப்பத்தொரு விசாரணை! ஏதோ வெளிநாட்டு பாஷை, யாரோ பெரிய பார்ட்டி, மொத்தமாக வாங்கப்போகிறார்கள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஜனவரியில் மட்டும் அந்த வரிசையிலிருந்து ஐந்து கடைக்காரர்கள் என்னிடம் வந்தார்கள் என்று உனக்குப் போனில் பெருமையடித்தேனே, அது இதனால்தான். என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை அந்த பார்ட்டிக்கு என்ன நிறத்தில் தலைப்பாகை வேண்டும் என்று தெரிந்துகொள்ள சுனேஜா தன் கடைக் கணக்கர் ஜம்புவைக் கூப்பிட்டிருக்கிறார். ஜம்பு கரோல் பாக்கிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் நான் எழுதியது இங்கிலீஷ் எழுத்தில்தானே, கடகடவென்று படித்துவிட்டார். எல்லாவற்றையும் அச்செடுத்து, கடையில் இருந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டார் முன்னால், ஒவ்வொன்றாகப் படித்து ஹிந்தியில் அர்த்தமும் சொல்லியிருக்கிறார். மாவு புளித்தது முதல் மூடுபனி வரை. உடனே எனக்குப் போன்: கிளம்பி வா.

பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பதினாலு கம்பெனியும் போயிற்று என்றுதான் நினைத்தேன். சுனேஜா என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்து, வேறு யாரும் உள்ளே வராதபடி ஷட்டரைப் பாதி இறக்கினார். முப்பத்தொரு காகிதமும் மேஜைமேல் இருந்தன. "ஷிவம்ஜி, சச் போலோ, உண்மையைச் சொல்லுங்க. மேடம் கம்பெனியை விட்டு ஓடிட்டாங்களா?" என்று கேட்டார். மேடம் மானேஜரே இல்லை, என் மனைவி, ஷில்லாங்கில் அரசாங்க வேலை, போய் இரண்டு வருடம் ஆகிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜம்பு, "அங்கிள், நா பூரா படிச்சிருக்கக் கூடாது, சாரி. பாதிலயே எனக்கு அழுகையா வந்திருச்சு. லேகின் சுனேஜா சாப் விடல, படி படின்னார்" என்றார்.

சுனேஜா கோபப்படவில்லை. காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "எங்கிட்ட இந்த வெப்சைட்டை என்ன சொல்லி வித்தீங்க? கடை எங்க இருந்தாலும் பரவாயில்ல, ஆள் எங்க இருந்தாலும் பரவாயில்ல, கம்ப்யூட்டரும் லைனும் இருந்தாப் போதும்னீங்க. அப்ப நீங்க ஏன் தில்லில உக்காந்திருக்கீங்க?" நான் சொன்னேன், அப்படியெல்லாம் போய்விட முடியாது, என் தலைமையிடம் தில்லி, தலைமையிடத்தை விட்டுப் போக ஸ்டேஷன் லீவ் பர்மிஷன் வேண்டும் என்று. "அச்சா. யார் குடுக்கணும்?" என்றார். யோசித்தேன். ஒருவரும் இல்லை. வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது லீலா, இத்தனை நாளில் இது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடமாக ஷில்லாங்குக்கு ஒரு தடவைகூட நான் வராததற்குக் காரணம் கேட்டபோதெல்லாம், வேலையை விட்டு நகரமுடியாது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வேலையை உன் வீட்டு மேஜையில் வைத்தும் செய்திருக்கலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இன்னொன்றும் புரிந்தது. பர்மிஷன் எல்லாம் சாக்கு. தீபாவளிக்கு நீ எழுதியிருந்தாய், "இங்க சாயங்காலம் ஆபீஸ் விட்டு பைன் மரத்துக்கு ஊடால ஒத்தையில நடந்து வருவேன், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக, அவ்வளவு நல்லா இருக்கு" என்று. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பயம். நீ அங்கே கஷ்டப்பட்டால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். நீ சந்தோஷமாக இருக்கிறாய். நான் வந்து நின்றால், ஐயோ இவர் வந்துவிட்டாரே, இனிமேல் காப்பி போடவேண்டுமே என்று உன் முகம் ஒரு கணம் மாறிவிட்டால் அதை என்னால் தாங்கமுடியாது. அதற்கு இங்கேயே மயிலுக்கு அனுமதி மறுத்துக்கொண்டிருக்கலாம். இருபத்தோரு வருடம் கூட இருந்தவளை மனசு இவ்வளவு தேடும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே என் தீர்மானம் மேலே சொன்னபடியேதான். படிவத்தில் இன்னும் ஒரு வருடம் என்று தைரியமாக நிரப்பிக் கொடு. நான் நன்றாகச் சமைக்கிறேன், கெய்சரைச் சரிசெய்தாயிற்று, சுனேஜா கோபித்துக்கொள்ளவில்லை, போதாக்குறைக்குத் தன் மச்சானின் கடைக்கும் வெப்சைட் கேட்கிறார். ஒரு வருடம் என்ன பெரிய வருடம், முன்னூற்று அறுபத்தைந்து நாள்தானே. முழங்காலுக்கு இரண்டு வேளையும் தைலம் தேய்த்துக்கொள். கவிப்ரியாவுக்கு வாரம் ஒரு போன் செய். உன் ஆபீசில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, இருந்தாலும் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல். நெல்லையப்பரும் காந்திமதியும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

என்றும் உன்,
நல்லசிவம்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைத் தபால்பெட்டி வரை கொண்டுபோய், பிரித்து, திரும்ப எடுத்து வந்து இதை எழுதுகிறேன். மேலே உள்ள முடிவைப் படிக்காதே. இருபதாம் தேதி குவாஹாட்டி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். போவதற்கு மட்டும்தான், திரும்புவதற்கு எடுக்கவில்லை. கம்ப்யூட்டரை நம் இரண்டு கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. படிவத்தில் உனக்கு எது பிடிக்குமோ அதை நிரப்பு. தில்லி என்றால் உன்னோடு திரும்பி வருகிறேன், ஷில்லாங் என்றால் உன்னோடு இருக்கிறேன், சாயங்காலம் நீ ஒத்தையில் நடந்து வரும்போது குறுக்கே வரமாட்டேன். காப்பி நானே போட்டுக்கொள்கிறேன், உனக்கும் சேர்த்து. நான் வருவது உனக்கு இடைஞ்சல் என்றால் பத்தொன்பதாம் தேதிக்குள் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடு. ஆனால் இன்றிலிருந்து போன் அடித்தால் நான் எடுப்பதாக இல்லை.