எல்லாக் கிளையிலும் டீயா, காபியா?

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை என்று ஊரே நம்புகிறது. தப்பு. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டு, அதையே காரைக்கால் கிளை வரைக்கும் எழுதி ஒட்டியவள் நான்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் மருமகள் நஸ்ரினின் கம்பெனி. அவளும் கவிதா என்ற பெண்ணும் சேர்ந்து வெப்சைட் செய்து தருவார்கள். அதுவரை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். முதல் முறையாகப் பெரிசாக ஒன்று வந்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பாத்திரக் கடை. கிளைக்கு ஒரு பக்கம், குண்டானுக்கு ஒரு பக்கம், கரண்டிக்கு ஒரு பக்கம். அது கிடைக்காவிட்டால் முன்னறையை மூடிவிட்டு நஸ்ரின் சென்னைக்கு வேலைக்குப் போவதாக இருந்தாள். மகன் துபாயில். நான் மிக்சியோடுதான் பேச வேண்டும்.

அதை எதை வைத்துக் கட்டுவது என்பதில் இருவருக்கும் தினமும் சண்டை.

"ரெடிமேடா கிடைக்கறத வச்சிக் கட்டுனா, பின்னாடி நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதுக்கா. மொத்தத்தையும் நாமளே கோடுல எழுதிடலாம்."

"எழுதலாம் கவிதா. அப்புறம் ஒரு தட்டோட விலைய மாத்தணும்னாலும் நம்மளதான கூப்பிடுவாங்க? கடையில நிக்கிற பொண்ணே மாத்தற மாதிரி இருக்கணும்."

(எனக்குப் புரிந்த வரை இது, தைத்த ஜாக்கெட்டா ரெடிமேடு நைட்டியா என்ற சண்டை. நான் நைட்டி கட்சி.)

கடைசியில் நஸ்ரின் என்னைப் பார்த்தாள். "மாமிக்கு வந்துட்டா யாருக்கும் வரும்." நான் அஞ்சாம் வகுப்பு.

மாதிரிக்கு ஒரு வெப்சைட் செய்து, அதில் எழுதுவதற்கு என் போனில் ஒரு பெட்டியை வைத்துக் கொடுத்தாள். அதில் எழுதிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் எல்லாப் பக்கத்துக்கும் மேலே அறிவிப்பாக வரும். கிளை கிளையாகப் போய் மாற்ற வேண்டியதில்லை. நான் அடுப்படியிலிருந்து "இன்று கடை விடுமுறை" என்று எழுதுவேன். முன்னறையிலிருந்து "வந்துடுச்சு மாமி!" என்று குரல் வரும். அந்தக் குரலைக் கேட்கத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். ஒருநாள் "தயிர் தீர்ந்துவிட்டது" என்று எழுதினேன். சிரித்துக்கொண்டே தயிர் வாங்கி வந்தாள். அதோடு என் புத்தியில் அது வெப்சைட் இல்லை, மருமகளைக் கூப்பிடும் மணி.

பாத்திரக் கடை முதலாளி அதைப் பார்க்க வந்த அன்றைக்குக் கூடவே நாலைந்து ஆண்கள். புது ஆண்கள் இருக்கும் இடத்துக்கு நான் போனதே இல்லை. திரை இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன். டீயா, காபியா? கூப்பிட வெட்கம். மணியை அடித்தேன்.

"டீயா காபியா, கேட்டுச் சொல்லு."

பதில் இல்லை.

"பால் பொங்குது நஸ்ரின்."

அதற்கும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கு. அந்தத் தொப்பைக்காரருக்குப் போடாமல் கொடுத்துவிடவா? பார்த்தால் வியாதிக்காரர் மாதிரிதான் இருக்கிறார்."

முன்னறையில் அப்போதுதான் நஸ்ரின் மாதிரி வெப்சைட்டைத் திறந்து காட்டினாள். சுவரில் மாட்டிய பெரிய கம்ப்யூட்டர் திரையில், அண்டா குண்டானுக்கு மேலே, நான் எழுதிய தொப்பைக்காரர். முதலாளிதான் அவர். மெதுவாகப் படித்துவிட்டு, "காரைக்கால் கிளையக் காட்டுமா" என்றார். அங்கேயும் தொப்பைக்காரர். கடலூரிலும் அவரேதான்.

"இதே மாதிரி என் கடையில ஒருத்தர் எழுதுனா?"

நஸ்ரின் மழுப்பவில்லை. "இப்ப இருக்கற நெலமையில அப்படியே வெளிய போயிடும் சார். ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் பாத்து விட்டாதான் போகணும். அந்தப் பூட்ட அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

மாமியார் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்படியில் எனக்கு அழுகை வந்தது. பாலும் பொங்கி வழிந்தது.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் எங்ககிட்ட தப்பே நடக்காதுன்னாங்க" என்றார் அவர். "நடந்தா எப்படி இருக்கும்னு நீதாம்மா காட்டியிருக்க. பூட்டப் போட்டுட்டு வேலைய ஆரம்பி." பிறகு உள்பக்கம் திரும்பி, "அம்மா, எனக்குச் சர்க்கரை வேணாம். டாக்டரும் அதத்தான் சொல்றாரு!"

டீத் தட்டை நானே எடுத்துப் போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

சென்னைப் பேச்சு அதோடு போயிற்று. அன்றைக்குச் சர்க்கரை டப்பாவில் கொஞ்சமே வைத்திருந்த இறைவனுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அந்தப் பூட்டுக்கு நஸ்ரின் வைத்த பெயர் 'மாமி பூட்டு'. பாத்திரக் கடைப் பெண்கள்கூட, "அக்கா, மாமி பூட்டுல நிக்குது, தொறந்து விடுங்க" என்றுதான் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போன் செய்கிறார்களாம். என்னை அவர்கள் பார்த்ததே இல்லை.

முதலாளியோ, இந்தப் பக்கம் வந்தால் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: "அம்மா, தொப்பைக்காரன் வந்திருக்கேன்!"

நான் திரையை விலக்கிக்கொண்டு வந்து, நேரிலேயே கேட்கிறேன்: "டீயா, காபியா?"