கொக்குமுனை மரவீட்டிலிருந்து ஐந்து அம்சங்கள்

அன்புத் தங்கை ஹில்க்காவுக்கு,

உன் அண்ணன் ஆர்மஸ் எழுதுவது. வலது குதிகால் நீங்கலாக நான் நலம். துர்க்குவில் நீயும், உன் முழங்காலும், உன் பூனையும் அதே அளவுக்காவது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நில அளவை ஆவணக் காப்பகத்தில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவன் என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நீ வாடகைக்கு எடுத்துக் கொடுத்த மரவீட்டை யாரையும் கேட்காமல் நானே சரியாகக் கண்டுபிடித்தது.
2. உணவும் உறக்கமும்.
3. படகு பற்றிய ஒரு சிறிய விஷயம்.
4. எனக்கு யாருடைய துணையும் தேவையில்லை என்பதற்கான ஆதாரம்.
5. முடிவு.

நம் ஒப்பந்தம் உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். உன் அண்ணி சைமா இறந்து மூன்று வருஷம் ஆகிறது என்றும், "அண்ணே, நீ அலமாரிகூடப் பேச ஆரம்பிச்சிட்ட, பேசாம என் வீட்டுக் கீழ்அறைக்கு வந்துடு" என்றும் நீ சொன்னாய். அலமாரி குறுக்கே பேசாது என்று நான் சொன்னேன். அதற்கு நீ கோபித்துக்கொண்டு, ஆற்றங்கரைக் காட்டில் ஏழு நாள் தனியாக, ஒரு குளறுபடியும் இல்லாமல் இருந்து காட்டினால் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், இல்லையென்றால் செப்டம்பர் முதல் தேதி வண்டியோடு வந்து என்னையும் அலமாரியையும் ஏற்றிக்கொண்டு போவேன் என்றாய். எனக்குத் தம்பெரே வீட்டில் என் ஜன்னல் வேண்டும், ஹில்க்கா. ஆகவே எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் அம்சம். திங்கட்கிழமை டாக்சிக்காரர் காட்டுப்பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி, "இடமா வலமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னால் குளறுபடிக் கணக்கில் சேர்ந்துவிடுமே என்று "இங்கேயே போதும்" என்று இறங்கிக்கொண்டேன். பிறகு மனசுக்குள் தர்க்கம் செய்து இடதுபக்கம் நடந்தேன். உன் குறிப்பில் இருந்ததெல்லாம் அங்கே அப்படியே இருந்தது: சிவப்புச் சுவர், வெள்ளை ஜன்னல் சட்டம், தண்ணீரில் நீளும் பலகைத்துறை, கொஞ்சம் தள்ளி சவுனா என்கிற நீராவிக் குளியல் குடில், சவுனாப் படியில் கவிழ்த்த வாளி, வாளிக்கு அடியில் சாவி. சாவி பூட்டில் திரும்பியபோது ஏற்பட்ட பெருமையில் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டாவது. வாடகை அலுவலகத்தின் தாள், விரிப்பும் உணவும் நாமே கொண்டுவர வேண்டும் என்றது. வந்து பார்த்தால் கட்டிலில் துவைத்து விரித்த விரிப்பு, அலமாரியில் காப்பித்தூள், வெண்ணெய், ஏலக்காய் ரொட்டி. காலுக்குக் கம்பளிச் செருப்புகூட வைத்திருந்தார்கள். எனக்கு இறுக்கம்தான், குதிகால் விவகாரம் அதனால் வந்ததுதான், ஆனாலும் விருந்தாளிமேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். மேஜையில் பாதி முடித்த குறுக்கெழுத்துப் புதிர்கூட இருந்தது. விருந்தாளி முடிப்பதற்கென்றே வைத்திருப்பார்கள்போல, முடித்துவிட்டேன்.

அன்று மாலையே ஒரு அம்மாள் பெட்டியோடு பாதையில் வந்து, புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். என் வயதை ஒட்டியவர். பெயர் லெம்பி என்பது பிறகு தெரிந்தது. நான் வாசலுக்குப் போய், "வணக்கம், யாரைத் தேடுறீங்க?" என்றேன். அவர் என் காலில் இருந்த செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரையும் இல்ல... உள்ள வசதியா இருக்கா?"

"ரொம்ப வசதி."

"அப்ப சரி. சவுனா முன்னறையில என் சாமான் கொஞ்சம் கிடக்கு. நான் அங்க தங்கிக்கிட்டா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"

இடத்தைப் பார்த்துக்கொள்ள அலுவலகம் வைத்திருக்கும் ஆள் என்று புரிந்துகொண்டு, "தாராளமா இருங்க" என்று அனுமதி கொடுத்தேன். மறுநாள் குளிக்க அனுமதி கேட்டார், கொடுத்தேன். அதற்கு மறுநாள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் கேட்டார். பிறர் பொருளாயிற்றே, கொஞ்சம் யோசித்தேன். கடைசியில் ஒரு சீட்டில் அவர் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அவரும் மறுக்காமல் போட்டார். பேச்சு வளர்க்க வேண்டுமே என்று, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த ஆரஞ்சு திரைச்சீலைய யாருதான் தேர்ந்தெடுத்தாங்களோ!" என்றேன்.

"ஆமா. அந்த வருஷம் கடையில அதுதான் இருந்துச்சுபோல" என்றார்.

மூன்றாவது, படகு. இதை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் எதையும் மறைக்கவில்லை என்று மேலே எழுதிவிட்டேன். புதன்கிழமை மதியம் படகில் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஏறினேன். முடிச்சு தளர்வாக இருந்ததாகப் பட்டதால் சரியாகப் போடலாமே என்று அவிழ்த்தேன். துடுப்பு இரண்டும் கரையிலேயே இருந்ததை நடு ஆற்றில்தான் கவனித்தேன். கத்தியிருக்கலாம். கத்தினால் அந்த அம்மாளுக்குத் தொந்தரவு, ஒப்பந்தத்துக்கும் விரோதம். எனவே மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

ஹில்க்கா, அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. ஆறு என்னைக் கொண்டுபோனது, அவ்வளவுதான். இரண்டு கரையிலும் பிர்ச் மரங்கள் என் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மெதுவாக நகர்ந்தன. வெயில் தண்ணீரில் பட்டு இலைகளுக்கு அடியில் ஆடியது. ஒரு தும்பி என் சட்டைப் பொத்தானில் உட்கார்ந்து என்கூடவே வந்தது. மேகம் நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்று தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. சைமா பக்கத்தில் படுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், கையை மட்டும் தண்ணீரில் விட்டிருப்பாள். நானும் கையை விட்டேன். குளிர்ந்தது. ஒரு வளைவு தாண்டியதும் இதே மாதிரி இன்னொரு சிவப்பு வீடு கடந்துபோனது. அதன் கதவில் ஏதோ தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடி கையில் இல்லாததால் படிக்கவில்லை. யாரோ யாரையோ எதிர்பார்க்கிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் படகு மணல்திட்டில் தட்டி நின்றது. லெம்பி அம்மாள் கரையோரமாகவே நடந்து வந்திருந்தார்போல, பாவாடை நனையத் தண்ணீரில் நின்றார்.

"இறங்குறீங்களா, இல்ல கடல் வரைக்கும் போறதா உத்தேசமா?"

"எவ்வளவு நேரமா பின்னாடி வர்றீங்க?"

"மொதல்லேருந்தே. கண்ண மூடிக்கிட்டு சிரிச்சுக்கிட்டிருந்தீங்க, கூப்பிட மனசு வரல."

திரும்பும்போது கயிற்றைப் பிடித்துப் படகைக் கரையோரமாக அவர் இழுத்தார், நான் கூடவே நடந்தேன். இதை உதவி என்று நீ எழுதிக்கொள்வாய். படகு அந்த இடத்தைச் சேர்ந்தது, இழுத்தது அந்த இடத்து ஆள். எனக்கென்று யாரும் எதையும் செய்யவில்லை என்பது என் வாதம்.

நான்காவது. எனக்கு யாருடைய துணையும் தேவையில்லை என்பதற்கான ஆதாரம் மேலேயே வந்துவிட்டது. நேற்று ஒரே ஒரு முறை, வேகவைத்த உருளைக்கிழங்கு அதிகமாகிவிட்டதால் அந்த அம்மாளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இருவரும் பேசாமல் சாப்பிட்டோம். அலமாரியோடு பேசாமல் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தது, ஆனால் அது இந்தக் கடிதத்தின் அம்சங்களில் இல்லை.

ஐந்தாவது. ஐந்து நாள் முடிந்தது, குளறுபடி ஏதும் இல்லை. ஆகவே செப்டம்பரில் வண்டி தேவைப்படாது.

உன் முழங்காலுக்குக் கோடை இதமாக அமையட்டும். பூனைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆர்மஸ்
கொக்குமுனை மரவீடு

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். லெம்பி அம்மாள் கிராமத்துக்குப் போவதாகச் சொன்னதால் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தேன். உறையின் பின்பக்கத்தைப் பார்த்தவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொக்குமுனைன்னு போட்டிருக்கீங்க. அது அடுத்த வளைவுல இருக்கு. உங்க பேரு எழுதி, வாங்கன்னு கதவுல தாள்கூட ஒட்டியிருக்காங்க. இது என் வீடு."

"உங்க வீடா? எப்பலேருந்து?"

"நாப்பத்தோரு வருஷமா."

"ஆனா வாளிக்கு அடியில சாவி..."

"எல்லாரும் அங்கதானே வைக்கிறாங்க!"

"அஞ்சு நாளா சவுனாவுல படுத்தீங்களே, மொத நாளே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். என் செருப்பப் போட்டுக்கிட்டு, யாரைத் தேடுறீங்கன்னு அவ்வளவு மரியாதையா கேட்டீங்க. அப்ப எப்படிச் சொல்றது? மறுநாள் சொல்லலாம்னா என் குறுக்கெழுத்த அவ்வளவு சந்தோஷமா போட்டுக்கிட்டிருந்தீங்க. அப்புறம் நாள் ஓடிப்போச்சு. அவ்வளவு லேட்டா சொன்னா உங்களுக்கு எவ்வளவு சங்கடம்!"

"போலீஸையாவது கூப்பிட்டிருக்கலாம்."

"அவங்களையும் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

நான் பெட்டியைக் கட்டினேன். செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தேன். புத்தகச் சீட்டைக் கிழிக்கப் போனேன். அதை அவர் என் கையிலிருந்து வாங்கி, மடித்து, தன் கவுன் பையில் வைத்துக்கொண்டார். மிச்ச இரண்டு நாளுக்குக் கொக்குமுனைக்கு என்னைப் படகில் கொண்டுபோய் விடுகிறாராம். இந்த முறை துடுப்பு உண்டு. "நாளைக்கு சாயங்காலம் சவுனா சூடாக்குவேன். வந்து அனுமதி கேளுங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். உள்ளே காப்பி வாசனை வருகிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

ஒப்பந்தத்தில் நான் தோற்றுவிட்டேன், ஹில்க்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டிக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடாதே. மேலே உள்ள ஐந்து அம்சங்களில் ஒன்று தவறு. முதலாவது என்றுதான் நீ நினைப்பாய். அது வெறும் முகவரிப் பிசகு, ஆற்றில் ஒரு வளைவு தூரம், அவ்வளவே. தவறானது நான்காவது.