பாதி அப்பம்

பாவசங்கீர்த்தனத்தில் நான் இதுவரை சொல்லாத பாவம் ஒன்று உண்டு. சொல்ல அவசியமில்லாமல் போயிற்று. அதைச் செய்தபோது சாமியாரே எதிரில் நின்றிருந்தார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் எங்கள் தெரு ஜெபக்குழுவுக்கு நான்தான் தலைவி. கோயிலில் முதல் பெஞ்சில் என் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். (உட்கார்ந்தாலும் நான் பார்க்கிற பார்வையில் எழுந்துவிடுவார்கள்.)

நாலு வருடத்துக்கு முன்னால், பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் சொல்லி, கிளேர் என்ற மாணவி எங்கள் வீட்டில் மூன்று மாதம் தங்க வந்தாள். பக்கத்து ஊரான நெடுங்காட்டு வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் எப்படி வருகிறது என்பது அவள் படிப்பு. கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பெயரோ ஒரு புனிதையின் பெயர். ஊரோ பிரான்ஸ், நமக்குச் சாமியார்களை அனுப்பிவைத்த தேசம். இதற்கு மேல் என்ன விசாரிப்பது?

சாயந்திரம் ஜெபமாலை சொல்லும்போது எங்களோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். "என்ன பக்தி பாருங்க!" என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தேன். வயலில் நாளெல்லாம் வெயிலில் நின்ற பெண் தூங்கினாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

என் மகன் அருளுக்குத் தோன்றியிருக்கிறது.

"அம்மா, அவங்களுக்குச் செபம் எதுவும் தெரியல. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"பிரெஞ்சுல சொல்றாடா. உனக்குப் புரியல."

"எனக்குத்தான் புரியல, உங்களுக்குப் புரியுதாக்கும்?"

அவனுக்கு அன்று ராத்திரி மீன் வறுவலில் ஒரு துண்டு குறைந்தது.

தமிழைத் தவிர கிளேருக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். "நம்ம வீட்டுல எதையும் தனியாத் திங்கக் கூடாது கண்ணு. கையில என்ன கெடச்சாலும் பாதி பக்கத்துல உள்ளவங்களுக்கு." அதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். நெடுங்காட்டில் யாராவது ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால், பாதியைக் கைக்குட்டையில் சுற்றி பஸ்ஸில் எனக்குக் கொண்டுவருவாள்.

கோயில் திருவிழா வந்தது. அவளுக்கு என் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டு முதல் பெஞ்சில் உட்காரவைத்தேன். ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டுமே வாங்கும் நற்கருணை அப்பத்துக்காக எல்லோரும் வரிசையில் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"எந்திரி கண்ணு."

"ஆன்ட்டி, நான் வந்து..."

"வெக்கப்படாத, போ போ."

"இல்ல ஆன்ட்டி, எனக்கு..."

பின்னால் எங்கள் ஜெபக்குழு ரோசாக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்கப் பெருமை பேசியவள் நான். முதுகில் விரலை வைத்துத் தள்ளி, எனக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் நற்கருணையைக் கையில்தான் தருகிறார்கள். கிளேர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாயில் போடவில்லை. சாமியார் எனக்குத் தந்து, நான் அதை வாயில் போடும்வரை ஓரமாக நின்றாள். பிறகு நல்ல பிள்ளையாக அந்த அப்பத்தைச் சரிபாதியாக உடைத்து, சபையே பார்க்க, என் கையில் ஒரு பாதியை வைத்து, "ஆன்ட்டிக்கு" என்றாள்.

பாட்டுக்குழுவின் சத்தம் பாதியில் தேய்ந்தது. ஆண்டவரின் உடலைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் பாதி வடையோடு நிற்பவளைப் போல நின்றேன். சாமியார் இறங்கி வந்து, இரண்டு பாதியையும் மெதுவாக வாங்கித் தாமே உட்கொண்டார்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கேட்டார். "என்னம்மா ஸ்டெல்லா, இந்தப் பொண்ணு ஞானஸ்நானம் வாங்கினவளா?"

சுற்றிலும் என் ஜெபக்குழு. ரோசாக்காவின் காது என் தோளில் இடித்தது. அப்போதுதான் நான் சொன்னேன்:

"எனக்கென்ன தெரியும் சாமி? அவளா வந்து வரிசையில நின்னா."

சொன்னபோது கிளேர் என் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்ததில் பாதி நான்தான்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கண் கலங்க, "மன்னிச்சிடுங்க சாமி, நான் தப்பு செஞ்சேன்" என்றாள். புடவை கட்டத் தெரியாத பெண், என் பட்டுப்புடவைக் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

அதற்கு மேல் முடியவில்லை. "பொய் சொல்லிட்டேன் சாமி. அது மாட்டேன்னுதான் சொல்ல வந்துச்சு. நான்தான் பேசவே விடாம முதுகுல கை வச்சுத் தள்ளினேன்" என்று அழுதுவிட்டேன். எங்கள் ஊரில் மைக் இல்லாமலே கடைசி ஆள்வரை கேட்ட பாவசங்கீர்த்தனம் அதுதான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் முதல்முறையாகக் கேட்டேன். "உங்க வீட்டுல என்ன சாமி கும்புடுவீங்க?"

"எதுவும் இல்ல ஆன்ட்டி. முதல் நாளே சொல்ல வந்தேன். நீங்க இட்லி வச்சிட்டீங்க."

அடுத்த ஞாயிறு நான் போய் உட்கார்ந்தது கடைசி பெஞ்ச். இன்றைக்கும் அதுதான் என் இடம். இப்போது வீட்டில் யாருக்கும் என்னிடம் பயமில்லை. சிலிண்டர்க்காரர் வந்து தண்ணீர் கேட்டால்கூட, உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுக்கிறார்: "ஸ்டெல்லா, ஞானஸ்நானம் ஆச்சான்னு மொதல்ல கேட்டுக்க!"

கிளேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுகிறாள். ரொட்டியைப் பிய்த்து, ஒரு பாதியை போனுக்கு நேராக நீட்டி, "ஆன்ட்டிக்கு" என்கிறாள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டுகிறேன்.

கோயில் வாசலில் நான் சொன்ன பொய்யை மட்டும் அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. அந்தப் பாதி என்னிடமே இருக்கிறது.