பாதி மூட்டா, முழு மூட்டா?

வாசகரே, இலவச ஆலோசகர் என்றொரு இனம் உண்டு. காசு கேட்காது, கேள்வி கேட்காது, வாயைத் திறந்தால் மூடாது. ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் அதன் பெயர் தேசப்பன். ஒருமுறை மச்சானின் எக்ஸ்ரே உறையைச் சென்னைவரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அதோடு அவருடைய மருத்துவப் படிப்பு முடிந்தது.

நாகம்மாள் பல்லில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றில் முட்டிபோட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் துழாவி இறால் பிடித்துப் பிழைப்பவள். முழங்கால் போனால் அவளுக்கு ஏரியே போயிற்று. டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: வலது மூட்டில் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, அந்தப் பாதியை மாற்றினால் போதும், சீக்கிரம் நடக்கலாம், பார்த்துப் பதமாகத் தண்ணீரிலும் இறங்கலாம், தள்ளிப்போட்டால் மற்ற பக்கமும் தேயும். தேதியும் கொடுத்தார். அவள் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். தேசப்பன் வீட்டு வழியாகப் போனாள்.

"இன்னா நாகம்மா, பாதி மூட்டா? அப்பிடி ஒண்ணு இருக்குதா? வெச்சா முழுசா வெக்கணும்."

"டாக்டரு படத்தைப் பாத்துதான் சொன்னாருண்ணா."

"படத்துல இன்னா தெரியும்? கைக்குத்தான் தெரியும்." வலிக்காத இடது முழங்காலை அமுக்கிப் பார்த்தார். "மொத்தமும் போச்சு. அவசரப்படாத. முழுசா வெக்கிற டாக்டரு ஒருத்தரு இருக்காருனு கேள்வி. விசாரிச்சுச் சொல்றேன்."

இதைச் சொல்லும்போது அவர் கையில் ஊசி, மடியில் வலை. ஒரு முழம் கிழிந்திருந்த இடத்தை மட்டும் தைத்துக்கொண்டிருந்தார். மீதி வலையை ஏன் தூக்கி எறியவில்லை? நாகம்மாளுக்கும் அந்தக் கேள்வி தொண்டைவரை வந்தது. அண்ணனைக் கேட்பது மரியாதையில்லை என்று விழுங்கிவிட்டாள்.

இரண்டு வருடம் விசாரித்தார் தேசப்பன். கருமாதி வீட்டில் விசாரித்தார், மீன் ஏலத்தில் விசாரித்தார், காட்டுப்பள்ளிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் விசாரித்தார். டாக்டர் ஒருவரைத் தவிர எல்லாரிடமும் விசாரித்தார். நொண்டி நொண்டி நாகம்மாள் தானே ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் புதுப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்டது, முழு மூட்டுதான் வைக்க வேண்டும், நடக்கலாம், சேற்றில் முட்டிபோடும் வேலை இனி கிடையாது.

ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தவளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார் தேசப்பன்.

"பாத்தியா? முழுசுதான்னு நான் அன்னிக்கே சொல்லல?"

நாகம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். அவர் தன் மேதைமையில் பூரித்து, ஒரு பழத்தைத் தானே உரித்துத் தின்றார்.

பல்லைக் கடிக்கிறீர்களா? நியாயம்தான். போன வாரம் பக்கத்து வீட்டம்மாவின் தோள்வலிக்கு நீங்கள் ஏதோ சொல்லிவிட்டு வந்தீர்களே, அந்த அம்மா டாக்டரிடம் போனாரா?