கொழுந்து ஷெட்டில் என் குரல்

கூச்சப்படுகிற அம்மாவின் கையில் எதையும் கொடுத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது. இது என் மகள் செல்விக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மலையில், கட்டபெட்டில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பேக்டரிக்காரர்கள் கொழுந்து வாங்குகிற ஷெட்டில் மூட்டையை எடை போட்டதும் கணக்கு நம் போனில் விழுகிற மாதிரி செல்வி ஒரு ஆப் செய்தாள். பேக்டரி மேனேஜர் அதை வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அவள் வீட்டோடு இருந்தே வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் மறுபடி பெங்களூர். (அவள் போகக் கூடாது என்று எனக்கு. அதைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை.)

ஆனால் பேக்டரி கணக்கைவிட ஆப்பில் எடை குறைவாகவே விழுந்தது.

"உள்ளுக்குள்ள எந்த கிளாஸ், அதுல எந்த மெத்தட் ஓடுதுன்னு ஆப்பையே சொல்ல வெச்சிருக்கேன்மா. கிளாஸ்னா ஒரு பகுதி, மெத்தட்னா அது செய்யற வேலை. கேட்டுட்டு வந்து சொல்லு, தப்பப் புடிச்சிரலாம்," என்றாள் செல்வி.

நான் படித்தது ஐந்தாவது. இங்கிலீஷ் புரியாது என்று பெயர்களைத் தமிழில் என் குரலிலேயே பதிவு செய்துவிட்டாள். காதில் மாட்ட ஒரு ஒயரும் கொடுத்தாள். இந்த வயதில், அத்தனை சனத்துக்கு முன்னால் காதில் ஒயரா? பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

ஷெட்டில் மேனேஜரும் நின்றார். தராசில் மூட்டை ஏறியதும் போனில் பொத்தானை அமுக்கினேன்.

"எடை. பதிவு செய்," என்று என் குரல் கத்தியது. வரிசையே திரும்பியது.

"எடை. தண்ணீர் கழி."

ஈரக் கொழுந்துக்குக் கொஞ்சம் கழிப்பது வழக்கம்தான். போன் நிற்கவில்லை.

"எடை. தண்ணீர் கழி."

"ஏனுங்க, ரெண்டு தடவையா கழிக்கறீங்க?" என்றாள் பின்னால் நின்ற ராசம்மா.

"எங்க கணக்குல ஒரு தடவதானுங்க," என்றார் மேனேஜர். "அம்மா, அத நிறுத்துங்க."

சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டினேன். விரல் பட்டு முதலிலிருந்து எல்லாம் மறுபடி ஓடியது.

யாரோ போய்ச் சொல்ல, செல்வி வீட்டிலிருந்து ஓடி வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே மெத்தட ரெண்டு எடத்துல கூப்புட்டிருக்கேன்." அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தாள்.

மேனேஜர் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "சரி, வெச்சுக்கலாம். அந்தச் சத்தத்த எடுத்துருங்க."

"அது இருக்கட்டுமுங்க," என்றாள் ராசம்மா. "என்ன கழிக்கறீங்கன்னு காதுல உழுந்தாத்தான் எங்க போன்ல போடுவோம்." வரிசை முழுக்க அதையே சொன்னது.

செல்வி வீட்டோடு இருக்கிறாள். நானோ ஷெட்டில் யார் யார் போனிலிருந்தோ கத்திக்கொண்டே இருக்கிறேன். "ஊட்டுல பத்து வார்த்தை பேச மாட்டா, இங்க மேனேஜரையே வேலை வாங்கறா," என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

இனி மூட்டையை நீங்களே கொண்டுபோங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.